காடு தந்த மண்ணைக் காப்பது யார்?

மலையகத்தில் மண்சரிவு நிகழும் போதெல்லாம் நாம் மழையைப் பற்றியே பேசுகிறோம். எவ்வளவு மழை பெய்தது, எத்தனை குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, நிவாரணம் கிடைத்ததா என்ற கேள்விகள் எழுகின்றன. சில வாரங்களில் அடங்கியும் விடுகின்றன. சரிந்து வந்த மண் எத்தகையது, அது எவ்வாறு உருவானது, ஏன் நிலைகொள்ள முடியாமற் போனது என்று கேட்போர் குறைவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் புதையுண்ட போதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவு கொண்டு பதுளை மாவட்டத்தையும் உலுக்கிய போதும் இதே நிலைதான். தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களுக்கும், வெலிமடை, குருத்தலாவை போன்ற பகுதிகளில் கிழங்கும் மரக்கறியும் பயிரிடும் முஸ்லிம் விவசாயிகளுக்கும் மண்ணைப் பற்றிய அறிவு இன்று உயிர் காக்கும் அறிவாகும். எனவே ஊவாவின் மண்ணைப் பற்றிச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமானது.

பதுளையைச் சூழ்ந்து நிற்கும் மலைகள் மிகப் பழைமையான பாறைகளால் ஆனவை. புவிச்சரிதவியலாளர்கள் இவற்றை உயர்நிலத் தொகுதி என்ற பிரிவில் அடக்குவர். இன்று இவை உருமாறிய பாறைகளாகக் காணப்பட்டாலும் இவற்றுள் கணிசமான பகுதி ஆதியில் அடையற் பாறைகளாக இருந்ததாகும். நீரின் அடியில் படிந்த மணலும் களியும் சுண்ணாம்பும் இறுகிப் பாறையாயின. பின்னர், சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்திணிவுகள் மோதிய வேளையில் அவை புவியோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உள்ளாகி உருமாறின. மணற்பாறை குவாட்சைற்று ஆயிற்று. களிப்பாறை காணற்றுச் செறிந்த கொண்டலைற்று ஆயிற்று. சுண்ணாம்புப் பாறை பளிங்காயிற்று. மண்ணின் புளிப்பைத் தணிக்கத் தேயிலை நிலங்களில் தூவப்படும் டொலமைற்று இந்நாட்டில் இத்தகைய பளிங்கிலிருந்தே அகழ்ந்தெடுக்கப்படுகிறது.

இப்பாறைகள் வெயிலாலும் மழையாலும் மரவேர்களாலும் சிதைந்து மண்ணாவதையே வானிலையாலழிதல் என்கிறோம். குவாட்சைற்று எளிதில் கரையாது. அது மணலையும் பரலையும் தருகிறது. ஏனைய கனியங்கள் சிதைந்து களியாகின்றன. அவற்றிலுள்ள இரும்பு ஒட்சைட்டாக மாறி மண்ணுக்குச் செம்மஞ்சள் நிறத்தை அளிக்கிறது. 1961ஆம் ஆண்டில் மூர்மனும் பானபொக்கேயும் இலங்கையின் மண் வகைகளை வகுத்த போது மலைநாட்டில் பரவலாக உள்ள இம்மண்ணுக்குச் செம்மஞ்சள் பொட்சோலிக் மண் என்ற பெயரே நிலைபெற்றது.

ஆயினும் பாறை தருவது மண்ணின் உடலை மட்டுமே. அதற்கு உயிரூட்டுவது காடு. ஹப்புத்தளையை அடுத்த தங்கமலைச் சரணாலயம் போன்ற காடுகளில் உதிர்ந்த இலைகளை ஒதுக்கிவிட்டு ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தால் இது விளங்கும். கருங்கபில நிறமும் மென்மையும் கொண்ட அம்மண்ணை ஈரத்துடன் பிடித்தால் உருண்டையாகும். விரலால் அழுத்தினால் உதிர்ந்து விடும். மணல், அடையல், களி ஆகிய மூன்றும் அளவோடு கலந்த இதனை இருவாட்டி மண் என்பர். உக்கிய இலைகளும் மண்புழுக்களும் பூஞ்சண இழைகளும் துணிக்கைகளை ஒட்டிச் சிறு மணிகளாக்குகின்றன. மணிகளுக்கிடையே காற்று உலவுகிறது. மழைநீர் மேலே ஓடாது கீழே இறங்குகிறது. காட்டிலிருந்து வரும் ஓடை கோடையிலும் வற்றாமல் ஓடுவதற்கும் தெளிந்து ஓடுவதற்கும் இதுவே காரணம்.

இங்கு ஓர் உண்மையை அழுத்திக் கூறவேண்டும். இம்மண்ணின் வளம் பெரும்பாலும் மேலேயுள்ள ஒரு சாண் அளவிலேயே தங்கியுள்ளது. கீழேயுள்ள செம்மண் ஆழமானதாயினும் அதிலுள்ள கயோலினைற்றுக் களி போசணைகளைப் பற்றிவைக்கும் ஆற்றல் குறைந்தது. சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் மழையில் கழுவுண்டு போவதால் மண் புளிப்பாகிறது. தேயிலைக்கு அந்தப் புளிப்பு உவப்பானதே, 4.5 முதல் 5.5 வரையான பீ.எச். பெறுமானத்தில் அது நன்கு வளரும். ஆனால் போசணையைப் பிடித்து வைக்கும் உக்கல் மேல் மண்ணில்தான் உண்டு. அது போய்விட்டால் எத்தனை மூடை உரம் இட்டாலும் அதில் பெரும்பகுதி ஆற்றுக்கே போய்ச் சேரும்.

அந்த ஒரு சாண் மண் சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் தேவை. இழப்பதற்கோ சில மழைக்காலங்களே போதும். ஒரு ஹெக்டயர் நிலத்தில் ஒரு மில்லி மீற்றர் மண் கழுவுண்டாலே அது ஏறத்தாழ 12 தொன் ஆகும். ஒரு மில்லி மீற்றர் குறைவதைக் கண்ணால் காண முடியாது என்பதே இந்த இழப்பின் ஆபத்தான இயல்பு.

கோப்பிப் பயிருக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்ட வரலாறு நாம் அறிந்ததே. பத்தனைப் புற்றரைகளின் மண் வளங்குன்றியது என அறிந்திருந்த துரைமார், காட்டு நிலத்தையே தேடித் தேடி வெட்டிச் சுட்டனர். தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட எமது மூதாதையரின் கரங்களே அக்காடுகளை வெட்டின. களை ஒன்றேனும் இராதபடி நிலத்தைச் சுரண்டின. வெறுமையாக்கப்பட்ட சரிவுகளில் மழைத்துளிகள் நேரடியாக விழுந்து மண்மணிகளை உடைத்தன. காட்டின் சேமிப்பு ஓடைகளில் கலந்து ஓடியது. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைத்துரு நோய் தென்பட்டு, அடுத்த இரு தசாப்தங்களில் கோப்பித் தொழிலே வீழ்ந்தது. மண்ணில் எஞ்சியிருந்த வளத்தின் மீதே பின்னர் தேயிலை நடப்பட்டது.

எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என்று கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே வலியுறுத்தினார். 1931இல் மண்ணரிப்புப் பற்றிய குழுவின் அறிக்கை வெளியாயிற்று. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் நில உடைமையாளரையே நோக்கிப் பேசியது. ஆனால் அந்நிலத்தில் அன்றாடம் கால் பதித்து வேலை செய்த மக்களோ 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்தனர். மண்ணை நன்கு அறிந்தோருக்கு அதில் உரிமை இருக்கவில்லை. உரிமை உள்ளோரில் பலர் அம்மண்ணில் வாழவில்லை. எமது மலைகளின் இன்றைய நிலைக்கு இந்த முரண்பாடும் ஒரு முக்கிய காரணமாகும் என்பது எமது கருத்து.

இன்று தேயிலைச் செடிகள் அடர்ந்து நிலத்தை மூடியிருக்கும் மலைகளில் மண்ணிழப்புக் குறைவு. செடிகள் செத்து இடைவெளி விழுந்த பழைய விதைத் தேயிலை மலைகளிலும், செங்குத்துச் சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்த மரக்கறித் தோட்டங்களிலும் அது மிக அதிகம். உமா ஓயா கொண்டு வரும் வண்டல் ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் குவிகிறது. வெலிமடை விவசாயியின் தோட்டத்து மண் அங்கே மின்னுற்பத்திக்கு இடையூறாகிறது. அவரோ இழந்த வளத்தை உரமூடையில் வாங்க வேண்டியவராகிறார். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்ட போது விளைச்சல் சரிந்தமைக்கு, மண்ணில் சேமிப்பு எதுவும் எஞ்சியிராமையும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

மேல் மண் அரிப்பும் மண்சரிவும் வேறு வேறு நிகழ்வுகள் என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். பாறைச் சுவர்களின் அடிவாரத்தில் பழைய சரிவுகளால் குவிந்த தளர்ந்த மண் பல மீற்றர் ஆழத்திற்குக் கிடக்கிறது. தொடர் மழையில் அதனுள் நீர் நிரம்பும் போது துணிக்கைகளின் பிடிப்புத் தளர்ந்து மலைச்சரிவு முழுவதுமாக நகர்கிறது. தூர்ந்துபோன கான்களும், வேர்ப்பிடிப்பு இழந்த சரிவுகளும் இதனைத் துரிதப்படுத்துகின்றன. நிலத்தில் புதிய வெடிப்புகள், சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் அல்லது கலங்கும் ஊற்றுகள் ஆகியன முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டால் அறிவித்தல் வரும்வரை காத்திராது வெளியேற வேண்டும். மீரியபெத்தை குறித்து தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்த பின்னரும் மக்கள் அங்கேயே இருந்தார்கள் என்று குறை கூறுவது எளிது. செல்வதற்குச் சொந்தமாக ஓர் அடி நிலம்கூட இல்லாதவர்கள் எங்கே செல்வது?

செய்ய வேண்டியவை புதுமையானவை அல்ல. சமவுயரக் கோட்டில் கான் வெட்டி ஆண்டுதோறும் துப்புரவாக்குதல், கவ்வாத்து வெட்டிய குச்சிகளையும் இலைகளையும் நிலத்திலேயே பரப்புதல், மீள்நடுகைக்கு முன்னர் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றுதல், மரக்கறிப் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காக அமைத்தல், எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளில் கோடரி படாது காத்தல் ஆகியனவே அவை. தோட்டத் தொழிலாளர்க்கு இவற்றுள் பல கைவந்த கலை. ஆளணியையும் செலவையும் குறைக்கும் நிருவாகங்கள் முதலில் கைவிடுவதும் இவ்வேலைகளைத்தான்.

ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று காணி வழங்குவது பற்றிப் பேசப்படும் போது, அது பாதுகாப்பான நிலமா என்ற ஆய்வும், உறுதியுடன் கூடிய உரிமையும், பயிர் செய்யப் போதிய பரப்பும் சேர்த்தே பேசப்பட வேண்டும். தன் பிள்ளைக்குச் சேரப்போகும் நிலம் என்ற நம்பிக்கை உள்ளவன் கானைத் தூரவிட மாட்டான். சரிவை வெறுமையாக விடமாட்டான். காடு பல நூற்றாண்டுகளாகச் சேர்த்துத் தந்த ஒரு சாண் மண்ணில் எஞ்சியிருப்பதையேனும் காக்க வேண்டுமாயின், அம்மண்ணில் உழைப்போரை அதற்கு உரியவர்களாக்குவதிலிருந்தே அரசு தொடங்க வேண்டும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகிறோம்.