பக்கெட் பல்லும் கல்லாற்றுக் கல்லும்

கல்லாறு என்றதும் என்னைப் போன்ற ரயில்வேக்காரனுக்கு முதலில் நினைவுக்கு வருவது மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறுதான். 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய நீலகிரி மலை ரயில் அங்கிருந்துதான் பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு மலை ஏறுகிறது. ஆனால் திருவனந்தபுரத்தில் குடியேறிவிட்ட நம் குடும்பங்களுக்குக் கல்லாறு என்றால் நெடுமங்காடு, விதுரா தாண்டிப் பொன்முடி ஏறும் வழியில் உள்ள ஆறு. விடுமுறை நாளில் புளியோதரை கட்டிக்கொண்டு போய், வழுவழுப்பான உருண்டைக் கற்கள் மேல் உட்கார்ந்து தண்ணீரில் காலை நனைத்துவிட்டு வராத குடும்பம் நம்மில் குறைவு. வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதி அது. பெயரோ கலப்பில்லாத தமிழ்: கல்லும் ஆறும்.

அந்தக் கல் உருண்டையானது தண்ணீரால் மட்டும் அல்ல. தண்ணீர் அடித்து வரும் மணலும், ஒரு கல்லோடு இன்னொரு கல் மோதுவதும் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்கின்றன. இந்தப் பக்கத்து மலைகள் கோண்டலைட், சார்னோகைட் வகைப் பாறைகளால் ஆனவை. சார்னோகைட் என்ற பெயரில் நம் ஊர்ச் சம்பந்தம் ஒன்று உண்டு. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பல்லாவரத்திலிருந்து போனது. அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர், பாறை வகைக்கே அவர் பெயரை வைத்துவிட்டார். பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர்! போகட்டும். இந்தப் பாறைகளில் குவார்ட்ஸ் உண்டு, பல இடங்களில் சிவப்பு மணிக்கல்லான கார்னெட்டும் உண்டு. இரண்டுமே இரும்பைத் தின்னும் பொருள்கள்.

தின்னும் என்று சொன்னது சும்மா அலங்காரத்துக்கு அல்ல. என் தங்கை மகன் கல்லாற்றுப் பக்கம் ஒரு மண்ணுமாந்தி ஓட்டுகிறான். (மலையாளத்தில் இந்த எந்திரத்துக்கு எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! நாம் பிரான்ஸ் நாட்டுக் கம்பெனிப் பெயரைப் பிடித்துக்கொண்டு பொக்லைன் என்கிறோம். இங்கே பேச்சில் ஜப்பான் கம்பெனிப் பெயரில் ஹிட்டாச்சி என்பதும் உண்டு.) 20 டன் எந்திரம், இரண்டாம் கையாக வாங்கியது, பாதிக்கு மேல் வங்கிக் கடன். ஆற்றில் கை வைக்கும் வேலை அல்ல. வீட்டு மனை சமப்படுத்துவது, மழையில் சரிந்த மண்ணைச் சாலையோரத்திலிருந்து அள்ளுவது போன்ற வேலைகள். 2022-ல் பொன்முடிச் சாலை இடிந்து சில மாதங்கள் மூடிக் கிடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட மலை அது.

ஒருநாள் வீட்டுக்கு வந்து, "மாமா, பக்கெட் பல்லு ஒரு செட்டு ஒரு மாசம்கூட நிக்கல்ல. தவணை கட்டவா, பல்லு வாங்கவா?" என்றான். பெரிய கடையில் போய் இருப்பதிலேயே கடினமான இரும்பில் பக்கெட்டைப் புதிதாகச் செய்து வாங்கிவிடலாமா என்பது அவன் யோசனை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் எந்திரம் வைத்துப் பிழைப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

முதலில், பக்கெட்டுக்குப் பல் எதற்கு? நம் தாத்தாக்களின் ஏரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரக் கலப்பையின் நுனியில் இரும்புக் கொழு இருக்கும். மண்ணோடு உரசித் தேய்வது கொழு, தேயாமல் பிழைப்பது கலப்பை. தேய்ந்த கொழுவைக் கொல்லரிடம் அடித்து வாங்கிக்கொள்வார்கள். பக்கெட்டும் அதே ஏற்பாடுதான், படிகள் மட்டும் கூடுதல். முன்னால் பல்; பல்லுக்குப் பின்னால் அதைத் தாங்கும் அடாப்டர்; அடாப்டர் பற்றவைக்கப்பட்டிருப்பது பக்கெட்டின் உதட்டில்; உதட்டுக்குப் பின்னால் அடித்தட்டும் பக்கத்தட்டும். விலையும் வேலையும் குறைந்தது முதலில் தேய வேண்டும். பல்லை மாற்ற ஒரு பின்னைத் தட்டி எடுத்தால் போதும். அடாப்டர் போனால் வெட்டி எடுத்துப் பற்றவைக்க வேண்டும். உதடு போனால் எந்திரம் நாள் கணக்கில் பட்டறையில் நிற்கும், தவணை நிற்காது.

எனவே பல் தேய்கிறதே என்று வருத்தப்படுவதைவிட, பல் தேய்ந்து முடிந்த பிறகும் ஓட்டுகிறோமா என்றுதான் பார்க்க வேண்டும். மொட்டைப் பல் மண்ணுக்குள் இறங்காது. ஓட்டுநர் அழுத்திக் கொடுப்பார், டீசல் கூடும், அடாப்டரின் மூக்கு மண்ணில் உரசத் தொடங்கும். ரயில் பாதையில் ஜல்லியை இடித்து இறுக்கும் டேம்பிங் மெஷினிலும் இதே கதைதான். அதன் டூல் நுனித் தட்டு குறுக்குவெட்டுப் பரப்பில் 20 சதவீதத்துக்கு மேல் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இனி கடினத்துக்கு வருவோம். விக்கர்ஸ் என்ற கடின அளவில் சாதாரண இரும்புத் தகடு 150 சுமார். பக்கெட்டுக்கென்று வரும் பதப்படுத்திய தகடுகள், ஸ்வீடன் நாட்டு ஹார்டாக்ஸ் போன்றவை, 400 முதல் 500 வரை. குவார்ட்ஸ் மணலோ 1000-க்கும் மேல். ஆகவே தகட்டை 400-லிருந்து 500-க்கு உயர்த்தினாலும் மணல்தான் ஜெயிக்கும். தோல்வி கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. அதற்கும் விலை உண்டு. கடினம் ஏற ஏற இரும்பின் தாங்கும் குணம் இறங்கும். மண்ணுக்குள் மறைந்திருக்கும் பாறையில் மோதினால் மென்மையான பல் மழுங்கும், அதிகக் கடினமான பல் ஒடியும். என் மருமகன் அதற்கு முன்பே ஒரு கடையில் "உடையவே உடையாது" என்று சொல்லிக் கொடுத்த பற்களை வாங்கியிருக்கிறான். இரண்டு பற்கள் இரண்டாம் வாரமே வேரோடு ஒடிந்தன. கடையின் பெயர் வேண்டாம்.

ஒடியவும் கூடாது, தேயவும் கூடாது என்றால் என்ன வழி? இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882-ல் ஒரு விநோதமான எஃகைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 24கூட நிரம்பவில்லை. எஃகில் 12, 13 சதவீதம் மாங்கனீஸைச் சேர்த்தார். சாதாரண எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் விறைத்துக் கடினமாகும். இதை முக்கினால் முறியாத குணம் வருகிறது. பிறகு அடி விழ விழ மேற்பரப்பு மட்டும் இறுகிக்கொண்டே போகிறது, 200 சுமாரில் இருந்து 500 வரை. உள்ளே மென்மை, வெளியே கடினம். ரயில் பாதைகள் ஒன்றை ஒன்று வெட்டும் இடத்தில் உள்ள கிராஸிங்கை இந்த எஃகில்தான் வார்க்கிறார்கள். ஒவ்வொரு சக்கரமும் அதைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடித்துவிட்டுப் போகும், அதுவும் இறுகிக்கொண்டே போகும். என் உத்தியோக காலத்தில் இந்த கிராஸிங்குகளோடு நிறையவே பழகியிருக்கிறேன்.

அதனால்தான் கடையில் எதைக் கேட்டாலும் "மாங்கனீஸ் பல் சார்" என்கிறார்கள். சோதிப்பது எளிது. ஹாட்ஃபீல்டு எஃகில் காந்தம் ஒட்டாது. மருமகனின் பற்களில் நான் காந்தத்தை வைத்தேன், சப்பென்று ஒட்டிக்கொண்டது. ஏமாற்றிவிட்டான் என்று அவன் குதித்தான். ஆனால் அவன் வேலைக்கு மாங்கனீஸ் பல் உகந்ததும் அல்ல. பலத்த அடி விழுந்தால்தான் அந்த எஃகு இறுகும். கல் உடைக்கும் கிரஷரின் தாடைக்கு அது அருமை. மணலும் மண்ணும் சும்மா உரசிக்கொண்டு போகும் இடத்தில் அது இறுகவே வாய்ப்பில்லாமல், 200 கடினத்திலேயே தேய்ந்து தீரும். இப்போது வரும் பற்கள் பெரும்பாலும் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் சிறிதளவு சேர்த்து வார்த்துப் பதப்படுத்தியவை. அவற்றில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். கேட்க வேண்டியது காந்தத்தை அல்ல, கடின எண்ணை.

மண்ணைப் பார்க்காமல் எந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பெரிய அளவில் கண்ட இடம் நெய்வேலி. 1956-ல் நிறுவனம் அமைந்து, 1957-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நிலக்கரி கண்ணில் பட்டது 1961-ல். அதற்கு முன் 50 மீட்டரும் அதற்கு மேலும் மேல்மண்ணை அகற்ற வேண்டியிருந்தது. அதற்காக ஜெர்மனியிலிருந்து சக்கர மண்வெட்டி எந்திரங்கள் வந்தன. பெரிய சக்கரம், விளிம்பைச் சுற்றிலும் பக்கெட்டுகள், ஒவ்வொரு பக்கெட்டின் வாயிலும் பற்கள். ஒரு பக்கெட் 350 லிட்டர் கொள்ளும் எந்திரத்தில் தொடங்கிப் பின்னால் 700, 1400 லிட்டர் வரை போனார்கள். ஜெர்மனியின் ரைன் பகுதிச் சுரங்கங்களில் இந்த வகை எந்திரம் வெட்டியது பெரும்பாலும் இளகிய மணலும் களிமண்ணும். நெய்வேலியில் இருந்ததோ கடலூர் மணற்பாறை. கெட்டியானது, குவார்ட்ஸ் நிறைந்தது. பற்கள் வேகமாகத் தேய்ந்தன.

அவர்கள் செய்த காரியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பல்லோடு மட்டும் மல்லுக்கட்டாததுதான். மண்ணையே மாற்றினார்கள். துளையிட்டு வெடி வைத்து மணற்பாறையை முதலில் இளக்கிவிட்டு, அதன் பிறகே சக்கரத்தை விட்டார்கள். கூடவே பல்லின் மேல் கடினப் பூச்சு ஏற்றுவதும் நடந்தது. இந்தப் பூச்சுக் கலையில் நம்மவர் தேர்ச்சி பெற்றதில் திருச்சி பெல் வளாகத்தில் 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்துக்கும் பங்கு உண்டு.

கடினப் பூச்சு என்றால் தனி ராடால் வெல்டிங் வரி போடுவது. அந்த வரிக்குள் குரோமியம் கார்பைடு என்ற மணிகள் உருவாகும். அவற்றின் கடினம் 1500 சுமார். டங்ஸ்டன் கார்பைடு என்றால் 2000-க்கும் மேல். குவார்ட்ஸை ஜெயிக்கும் பொருள் இங்கேதான் முதல்முறையாக வருகிறது. அடியில் முறியாத தகடு, மேலே கார்பைடு வரி. வரியின் குறுக்கே மயிரிழை விரிசல்கள் தெரியும். பயந்து மேலே மேலே பூச வேண்டாம். அது இந்த வகைப் பூச்சின் இயல்பு. இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் போனால்தான் பெயர்ந்து விழும்.

வரியை எந்தத் திசையில் போடுவது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். கல் அள்ளும் பக்கெட்டில் கல் போகும் திசையிலேயே நீளவாக்கில் போட வேண்டும். கல் வரிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், தகட்டைத் தொடாது. மணல், மண் அள்ளுவதில் குறுக்காகப் போட வேண்டும். வரிகளுக்கு நடுவே மண் அடைந்து நிற்கும். அப்புறம் மண்ணோடு மண் உரசும், இரும்பு தப்பிக்கும். கல்லாற்றில் மேலே செம்பூராங்கல் மண், கீழே உருண்டைப் பாறை, இரண்டும் கலந்து வரும். ஆகவே உதட்டை ஒட்டி நீளவாக்கிலும், அடித்தட்டில் கட்டம் கட்டமாகவும் போடச் சொன்னேன். அவன் வெல்டர் தூத்துக்குடிக்காரர், கை சுத்தம். கோலம் போட்டதுபோல் போட்டுவிட்டார்.

புதிய பக்கெட் வாங்கும் யோசனையைக் கைவிடச் செய்தேன், ஆனால் பழைய பக்கெட்டின் வடிவத்தை ஒருமுறை அளந்தோம். நல்ல பக்கெட் வாயில் அகலமாகவும் பின்னால் சற்றுக் குறுகியும் இருக்கும். அப்போதுதான் பக்கத்தட்டு குழியின் சுவரில் உரசாது. அள்ளிய மண்ணும் ஒட்டாமல் விழும். குதிகால் பகுதியும் உள்ளே ஒதுங்கி இருக்க வேண்டும். அவன் பக்கெட்டில் முந்தைய உரிமையாளர் குதிகாலில் தடித்த பட்டைகளை ஒட்டி, அதுவே தரையில் இடிக்கும்படி செய்து வைத்திருந்தார். பலம் என்று நினைத்து ஒட்டியது பல் இறங்குவதைத் தடுத்துக்கொண்டிருந்தது. வெட்டி எடுத்து மெல்லிய பட்டை வைத்தோம். ஐந்து பற்களில் ஓரத்துப் பற்கள் இரண்டும் முதலில் தேய்வதால் நடுப்பற்களோடு இடம் மாற்றிப் போடுவது, மேல் கீழாகத் திருப்பிப் போடக்கூடிய பல்லானால் திருப்புவது, இவற்றை ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்கிறான். ஒரு செட் இப்போது ஏறத்தாழ இரண்டு மாதம் வருகிறது. "தவணை பிந்தாம போகுது மாமா" என்கிறான்.

இந்த வேலைகளைச் செய்வோர் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பதப்படுத்திய தகடு 250 டிகிரிக்கு மேல் சூடானால் பதம் இறங்கிவிடும். ஒரே இடத்தில் வெல்டிங் செய்துகொண்டே போகாமல் விட்டு விட்டுச் செய்யுங்கள். பக்கெட்டைக் கழற்றாமல் வெல்ட் செய்வதானால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, எர்த் கிளாம்பைப் பக்கெட்டிலேயே கடியுங்கள். தூரத்தில் கடித்தால் மின்சாரம் பின், புஷ் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். பல்லின் பின்னைச் சுத்தியலால் அடிக்கும்போது கண்ணாடி போடாமல் அடிக்காதீர்கள். கடினமான இரும்பைக் கடினமான இரும்பால் அடித்தால் சில்லு தெறிக்கும். அது கண்ணுக்குத்தான் வரும். மருமகனுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஒரே பொருள் அந்தக் கண்ணாடிதான். வெல்டருக்கும் சேர்த்து இரண்டு.