இரட்டையருடன் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிற்கு

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் பணிபுரியும் குடும்பங்களுள் திருச்சியையும் அதற்குத் தெற்கேயுள்ள மாவட்டங்களையும் சொந்த ஊராகக் கொண்டவை பல. பொங்கல் விடுமுறையில் ஊர் செல்வோர் வழியில் அரைநாள் ஒதுக்கத்தக்க ஓர் இடத்தை இம்முறை பரிந்துரைக்கிறோம். திருவரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே வனத்துறை அமைத்துள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவே அது. 2015 நவம்பரில் திறக்கப்பட்ட இப்பூங்கா ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்புடையது. 100-க்கும் மேற்பட்ட இனங்கள் இங்குப் பதிவாகியுள்ளன.

நடை பழகும் பருவத்து இரட்டைக் குழந்தைகளின் பெற்றோரை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம். இரட்டையர் பலர் குறைமாதத்தில் பிறப்பவர்கள். தொற்றுக்கு அஞ்சி முதலாண்டு முழுவதும் வீட்டிற்குள்ளேயே வைத்து வளர்த்த பெற்றோர், குழந்தைகள் நடக்கத் தொடங்கிய பின்னும் வெளியே அழைத்துச் செல்லத் தயங்குகின்றனர். இருவரும் இரு திசையில் ஓடினால் யாரைப் பிடிப்பது என்பது அடுத்த அச்சம். அது நியாயமானதே. ஆகவே குழந்தைக்கு ஒருவராகப் பெரியவர் இருவர் செல்ல வேண்டும். தாத்தாவோ சித்தியோ உடன் வந்தால் இன்னும் எளிது.

உள்ளே சென்றதும் சிறிது நேரம் தனித்தனியே பிரிந்து நடவுங்கள். இரட்டையருக்குப் பேச்சு சற்றுத் தாமதமாக வருவதுண்டு. பெற்றோரின் பேச்சும் கவனமும் எந்நேரமும் இருவருக்குமாகப் பங்கிடப்படுவது அதற்கொரு காரணம். இங்கோ ஒரு மணி நேரம் ஒரு பெரியவர் ஒரு குழந்தைக்கே உரியவராகிறார். குழந்தை எதை நோக்குகிறதோ அதன் பெயரைச் சொல்லுங்கள். அது மழலையில் மறுமொழி கூறும்வரை காத்திருங்கள். பறக்கும் பூச்சியை விட்டுவிட்டு அங்குள்ள பெரிய பூச்சிச் சிலைகளையே அது விரும்பக்கூடும். கட்டணம் வீணாயிற்று என வருந்த வேண்டா.

குழந்தை விரல் நீட்டிக் காட்டுகிறதா என்பதையும் கவனியுங்கள். கேட்டு வாங்குவதற்காக நீட்டுவது வேறு; “அதோ பார்” என்று தான் கண்ட வியப்பைப் பகிர்வதற்காக நீட்டுவது வேறு. இரண்டாவது வகை பெரும்பாலும் 18 மாதத்திற்குள் வந்துவிடும். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை, பிறந்த நாளிலிருந்தன்றி, மருத்துவர் குறித்த பிரசவ நாளிலிருந்து வயதைக் கணக்கிடுக: இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த 18 மாதக் குழந்தைக்கு 16 மாதமே. அக்கணக்கின்படி 18 மாதமாகியும் விரல் நீட்டாவிடின் குழந்தைகள் நல மருத்துவரிடம் தெரிவியுங்கள். இருவரில் ஒருவர் சுட்ட, மற்றவர் சுட்டாதிருந்தால், “இவன் கொஞ்சம் மெதுவு” என்று வீட்டார் ஆறுதல் கூறுவது வழக்கம். அவ்வாறுறுதல் தேடி மாதங்களைக் கடத்தலாகாது.

செல்லும் நேரம் முக்கியம். வண்ணத்துப்பூச்சிகள் சிறகை வெயிலில் காய்ச்சிய பின்னரே நன்கு பறக்கும். நண்பகல் வெயிலோ குழந்தைக்கு ஆகாது. இளவெயில் ஏறும் காலை வேளையே இருவர்க்கும் பொருந்தும். தண்ணீர், தொப்பி, முழுக்கை ஆடை ஆகியவை உடனிருக்கட்டும்.

மயிருள்ள கம்பளிப்புழுக்களைத் தொட விடாதீர்கள். எருக்கு இருக்குமிடத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடி அது. ஆதலால் இத்தகைய தோட்டங்களில் மட்டுமன்றிச் சாலையோரங்களிலும் அதனைக் காணலாம். அதன் பால் கண்ணில் பட்டால் தொடக்கத்தில் வலி தோன்றாமலும் இருக்கலாம். பின்னரே பார்வை மங்கும். உடனே தூய நீரால் 15 நிமிடமேனும் கழுவி, அன்றே கண் மருத்துவரை அணுகுங்கள். தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது இரண்டும் கூடாது. அரளியின் பூவும் இலையும் வாயிற் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொலைவு செல்ல இயலாதோர்க்கு வண்டலூர் உயிரியல் பூங்கா அருகிலுள்ளது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலை வழியே நேராகச் செல்லலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

அதற்கும் ஓய்வு கிடைக்காத பணிமுறையினர், வெயில் படும் பால்கனியில் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைத் தொட்டியில் வையுங்கள். கறிவேப்பிலை அழகி என்னும் கருநிற வண்ணத்துப்பூச்சி அதைத் தேடி வந்து முட்டையிடுவதுண்டு. இளம்புழு பறவையின் எச்சம் போலத் தோன்றும். துடைத்தெறிந்துவிடாதீர்கள், மருந்தும் தெளிக்காதீர்கள். வளர்ந்தபின் பச்சை நிறம் கொண்டு, கூட்டுப்புழுவாகி, முட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் சிறகு விரிக்கும். குழம்பிற்கு இலை சற்றுக் குறையும், அவ்வளவே.