இரட்டை மின்னூட்ட ஹிக்ஸ்: ஒரே பக்கம் வளையும் தடங்கள்

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகம் 2012 ஜூலை 4 அன்று அறிவித்த ஹிக்ஸ் போசானுக்கு மின்னூட்டம் கிடையாது. துகள் இயற்பியலின் ஸ்டாண்டர்டு மாடலுக்கு அந்த ஒன்றே போதும். ஆனால் அந்த மாடலில் நியூட்ரினோவுக்கு நிறையே இல்லை. நியூட்ரினோக்கள் போகும் வழியில் வகை மாறுவதை 1998இல் ஜப்பானின் சூப்பர் கமியோகண்டே ஆய்வு காட்டியது. நிறை இருந்தால்தான் அப்படி மாற முடியும். இதை விளக்கவந்த கோட்பாடுகளில் ஒன்று மேலும் சில ஹிக்ஸ் துகள்களைச் சேர்க்கிறது. அவற்றில் ஒன்றின் மின்னூட்டம் இரண்டு அலகு.

அந்தத் துகள் பிறந்த கணமே சிதைந்துவிடும். ஆனால் மின்னூட்டம் எங்கும் தொலைந்துபோகாது. ஆகவே அந்தத் துகள் இரண்டு பாசிட்ரான்களாகவோ (நேர் மின்னூட்ட எலக்ட்ரான்கள்) இரண்டு நேர் மியூவான்களாகவோ உடையலாம். காந்தப்புலத்தில் இரண்டும் ஒரே பக்கம் வளையும். மின்னூட்டமற்ற இசட் போசான் சிதைந்தாலோ ஒன்று இடமும் மற்றது வலமும் போகும். ஒரே மின்னூட்டக் குறி கொண்ட ஜோடி மிக அரிது. தேடுவோருக்கு அதுதான் துப்பு. ஜோடிகளின் ஆற்றலையும் உந்தத்தையும் வைத்துத் தாய்த்துகளின் நிறையைக் கணக்கிடுவார்கள். ஏதாவது ஒரு நிறையில் ஜோடிகள் குவிந்து வரைபடம் மேடுதட்டினால் புதிய துகள் அகப்பட்டது என்று பொருள்.

வம்பு போலிகளால் வருகிறது. எலக்ட்ரான் ஒன்று கருவியின் உட்பொருளில் பட்டு ஃபோட்டானை உமிழும். அந்த ஃபோட்டான் எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாகப் பிரியும். கணினி பாசிட்ரானின் தடத்தைப் பிடித்துக்கொண்டால் குறியே மாறிவிடும். எலக்ட்ரானைவிட 200 மடங்கு கனமான மியூவான் இதில் அவ்வளவாகச் சிக்காது. ஏமாற்று எத்தனை என்று அறிய அழகான வழி ஒன்று உண்டு. இசட் போசான் எதிரெதிர்க் குறிகளை மட்டுமே தரும். எனவே அதன் நிறையான 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே தென்படும் ஒரே குறி ஜோடிகளில் பெரும்பாலானவை போலிகள்தாம். அவற்றை எண்ணினால் பிழை விகிதம் கிடைத்துவிடும். இந்த முழுத் தேடலிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

2015 முதல் 2018 வரையிலான துகள் மோதல்களை அலசிய செர்னின் அட்லஸ் ஆய்வுக் குழுவுக்கு மேடு எதுவும் தென்படவில்லை. இரண்டு எலக்ட்ரான், மியூவான் போன்றவையாகச் சிதையும் இரட்டை மின்னூட்ட ஹிக்ஸ் இருந்தால், அதன் நிறை குறைந்தது 1080 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் இருக்க வேண்டும் என்று அந்தக் குழு முடிவு சொன்னது. அது ஏறத்தாழ 1150 புரோட்டான்களின் நிறை.

அதற்காக இப்படியொரு துகளே இல்லை என்று கைகழுவுவது அவசரம். அது இரண்டு டபிள்யூ போசான்களாகச் சிதைவதாக வைத்துக்கொண்டால், அதே காலத் தரவில் அட்லஸ் எட்டிய எல்லை வெறும் 350 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்தான்.