பிறர் கைக்குப் போகும் முன் டேட்டாபேஸைப் பூட்டுங்கள்

எங்கள் தெரு குடியிருப்போர் நலச் சங்கத்தில் 68 வீடுகள். சந்தா கணக்கை நோட்டில் எழுதி அவதிப்பட்டுக் கொண்டிருந்தார் பொருளாளர். "நான் கம்ப்யூட்டரில் செய்து தருகிறேன் சார்" என்று சொல்லி, மைக்ரோசாப்ட் அக்சஸில் ஒரு சின்ன டேட்டாபேஸ் தயாரித்துக் கொடுத்தேன். வீட்டு எண், பெயர், போன் நம்பர், கட்டிய தொகை, தேதி. மாதக் கடைசியில் ஒரு பட்டனைக் கிளிக் செய்தால் வசூல் பட்டியல் பிரிண்ட் ஆகும். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "சார், மோட்டார் ரிப்பேருக்கு நான் 2,500 ரூபாய் கட்டினேன். லிஸ்ட்ல 250ன்னு இருக்கு. மீதி எங்க போச்சு?" பொருளாளர் ரசீது புத்தகத்தைப் புரட்டினார். அடிக்கட்டையில் 2,500 என்றுதான் இருந்தது. கம்ப்யூட்டர் பட்டியலில் 250. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மறுநாள் பாங்க் பாஸ்புக்கைப் பார்த்து, பணம் முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அன்று இரவு அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். தப்பு அவருடையது அல்ல. டேட்டாபேஸைப் பூட்டாமல் கொடுத்த என்னுடையது.

நடந்தது இதுதான். அக்சஸ் பைலைத் திறந்தால் இடது பக்கம் நேவிகேஷன் பேன் என்ற பட்டை தெரியும். அதில் டேபிள்கள், பார்ம்கள், ரிப்போர்ட்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். டேபிள் என்பது விவரங்கள் சேமிக்கப்படும் இடம். பார்ம் என்பது விவரங்களை டைப் செய்வதற்கான திரை. ரிப்போர்ட் என்பது பிரிண்ட் எடுப்பதற்கு. யாரோ பார்முக்குப் பதிலாக டேபிளையே டபுள் கிளிக் செய்து திறந்திருக்கிறார்கள். 2500ல் கடைசி பூஜ்யம் அழிந்திருக்கிறது. கீழ் அம்புக்குறி கீயை அழுத்தி அடுத்த வரிக்குப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

வேர்டு, எக்ஸெல் பழகியவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். அவற்றில் பைலை மூடும்போது "சேவ் செய்யவா?" என்று கேட்கும், வேண்டாம் என்றால் பழையபடி இருக்கும். அக்சஸ் அப்படி அல்ல. ஒரு வரியில் திருத்திவிட்டு அடுத்த வரிக்கு நகர்ந்த உடனே அது சேவ் ஆகிவிடும். எந்தக் கேள்வியும் கேட்காது. வரியை முழுதாக அழிக்கப் போனால்தான் எச்சரிக்கும். தொகையை மாற்றினால் மவுனமாக ஏற்றுக்கொள்ளும்.

இதற்குப் பிறகுதான் பூட்டும் வேலையைக் கற்றுக்கொண்டேன். அக்சஸில் பூட்டுகள் நிறைய உண்டு; ஒவ்வொன்றும் ஒவ்வொரு விஷயத்தைத்தான் பூட்டும். எது எதைப் பூட்டுகிறது என்று தெரியாமல் ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

முதல் வேலை, பைலைக் காப்பி எடுத்து காப்பியில் மட்டும் கை வையுங்கள். மூலப் பைல் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாகப் பிரியுங்கள்

டேபிள்களும் பார்ம்களும் ஒரே பைலில் இருப்பது வீட்டில் நீங்கள் மட்டும் பயன்படுத்த சரி. பிறருக்குக் கொடுப்பதற்கு ஆகாது. டேட்டாபேஸ் டூல்ஸ் டேபில் அக்சஸ் டேட்டாபேஸ் என்ற பட்டன் இருக்கும். கிளிக் செய்து, கிடைக்கும் விண்டோவில் ஸ்பிலிட் டேட்டாபேஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டேபிள்கள் தனி பைலுக்குப் போய்விடும். அதை பேக் எண்ட் என்பார்கள். பார்ம்களும் ரிப்போர்ட்களும் பழைய பைலிலேயே இருக்கும். அது பிரண்ட் எண்ட். அதில் டேபிள்களின் பெயர்கள் தெரிந்தாலும் அவை இணைப்புகள் மட்டுமே. நாளை பார்மில் ஒரு பட்டனைச் சேர்த்தால் பிரண்ட் எண்டை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும். கணக்கு விவரங்கள் அப்படியே இருக்கும். பேக் எண்ட் எந்த போல்டரில் இருக்கிறது என்பதையும் இந்த இணைப்பு நினைவில் வைத்திருக்கும். ஆகவே உங்கள் கம்ப்யூட்டரிலும் அவர்கள் கம்ப்யூட்டரிலும் ஒரே இடத்தில், ஒரே பெயரில் போல்டரை அமைத்துவிடுங்கள்.

தேவையற்றதை மறையுங்கள்

பிரண்ட் எண்டைத் திறந்து பைல், ஆப்ஷன்ஸ், கரன்ட் டேட்டாபேஸ் என்று செல்லுங்கள். டிஸ்பிளே பார்ம் என்ற இடத்தில் முதலில் திறக்க வேண்டிய பார்மைத் தேர்ந்தெடுங்கள். பின் டிஸ்பிளே நேவிகேஷன் பேன், அலோ புல் மெனுஸ், அலோ டிபால்ட் ஷார்ட்கட் மெனுஸ், யூஸ் அக்சஸ் ஸ்பெஷல் கீஸ் ஆகியவற்றுக்கு முன்னால் உள்ள டிக் அடையாளங்களை எடுத்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னதை மறந்துவிட்டால், எப்11 கீயை ஒரு தட்டு தட்டினால் மறைத்த பட்டை மீண்டும் வந்து நிற்கும். மூடித் திறந்த பிறகுதான் இவை எல்லாம் அமலுக்கு வரும்.

இப்போது பார்ம் மட்டும்தான் தெரியும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டே பைலைத் திறந்து பாருங்கள். நீங்கள் செய்த அத்தனையும் ஒதுங்கி, பழைய முகம் தெரியும்! டேட்டாபேஸைத் தயாரிப்பவரின் வசதிக்காக மைக்ரோசாப்ட் வைத்திருக்கும் வழி இது. இதையும் அடைக்கலாம். அலோ பைபாஸ் கீ என்ற பண்பை விபிஏ மூலம் பொய் என்று அமைக்க வேண்டும். இந்தப் பெயரை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் டைப் செய்து தேடினால், மைக்ரோசாப்டின் உதவிப் பக்கத்திலேயே மாதிரி கோடு கிடைக்கும்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஆர்வக் கோளாறில் மூலப் பைலிலேயே இதைச் செய்துவிட்டு, என் பைலுக்குள் நானே போக முடியாமல் நின்றேன். வேறொரு அக்சஸ் பைலிலிருந்து கோடு எழுதி அந்தப் பண்பைத் திருப்பி அமைத்துத்தான் மீண்டேன். அரை நாள் போயிற்று. என்னால் வெளியிலிருந்து திறக்க முடிந்தது என்றால் விஷயம் தெரிந்த வேறு எவராலும் முடியும் என்பதையும் அன்றே புரிந்துகொண்டேன். இந்த மறைப்பெல்லாம் தெரியாமல் கை பட்டுவிடுவதைத் தடுக்கும். வேண்டுமென்றே நுழைபவரைத் தடுக்காது. எங்கள் சங்கத்தில் நடந்தது முதல் வகைதான். பெரும்பாலான இடங்களிலும் அப்படித்தான்.

ஏசிசிடிஇ பைல்

பைல், சேவ் ஆஸ், மேக் ஏசிசிடிஇ என்று சென்றால் பூட்டப்பட்ட ஒரு பைல் உருவாகும். இதில் பார்ம்களையும் ரிப்போர்ட்களையும் டிசைன் வியூவில் திறக்க முடியாது. நீங்கள் எழுதிய விபிஏ கோடு நீக்கப்பட்டு, கம்பைல் ஆன வடிவம் மட்டும் இருக்கும். உங்கள் உழைப்பை யாரும் மாற்றவோ காப்பி அடிக்கவோ முடியாது. அதே சமயம் உங்களாலும் மாற்ற முடியாது என்பதை மறக்க வேண்டாம். மூலப் பைல் தொலைந்தால் எல்லாம் தொலைந்தது.

ஏசிசிடிஇ ஆக்கினால் கணக்கு விவரங்களும் பாதுகாப்பாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. டேபிள்களும் குவரிகளும் முன்போலவே திறந்திருக்கும். இன்னொரு சங்கடம்: 64 பிட் அக்சஸில் தயாரித்த ஏசிசிடிஇ, 32 பிட் அக்சஸில் திறக்காது. கொடுக்கும் முன் அவர்கள் கம்ப்யூட்டரில் எது இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களிடம் அக்சஸே இல்லை என்றால் மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் அக்சஸ் ரன்டைம் போதும்.

உண்மையான பூட்டு

விவரங்களையே பூட்டுவது என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு என்ற வசதி மட்டும்தான். இது பைலில் உள்ள எழுத்துகளையே குழப்பி எழுதிவிடும்; பாஸ்வேர்டு இல்லாதவர் பைலைக் காப்பி எடுத்துப் போனாலும் படிக்க முடியாது. இதை பேக் எண்டுக்குப் போட வேண்டும். முதலில் அக்சஸைத் தனியாகத் திறந்து பைல், ஓப்பன், பிரவுஸ் என்று சென்று, பேக் எண்டைத் தேர்ந்தெடுத்து, ஓப்பன் பட்டனுக்கு அருகில் உள்ள சிறிய அம்புக்குறியில் ஓப்பன் எக்ஸ்குளூசிவ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வழக்கமான முறையில் திறந்தால் பாஸ்வேர்டு போட விடாது. பின் பைல், இன்போ, என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு கொடுத்த பின் ரோ லெவல் லாக்கிங் பற்றி ஒரு செய்தி வரும். பயப்பட வேண்டாம், ஓகே கொடுங்கள். பலர் ஒரே நேரத்தில் திருத்தும்போது ஒரு வரியை மட்டும் பூட்டும் வசதி இயங்காது என்று சொல்கிறது, அவ்வளவே.

இப்போது பிரண்ட் எண்டில் பழைய இணைப்புகள் வேலை செய்யாது. அவற்றை நீக்கிவிட்டு எக்ஸ்டர்னல் டேட்டா டேப் வழியாக, பாஸ்வேர்டு கொடுத்து, மீண்டும் இணையுங்கள். அதன் பிறகுதான் ஏசிசிடிஇ. இந்த வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

ஆனால் ஒன்று: நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டு, பிரண்ட் எண்டுக்குள் இணைப்பு விவரத்தோடு படிக்கக்கூடிய எழுத்துகளாகவே எழுதப்பட்டிருக்கும். சிஸ்டம் டேபிளை எட்டிப் பார்க்கத் தெரிந்தவர் அதை எடுத்துவிடலாம். அதனால் பிரண்ட் எண்டுக்கும் வேறொரு பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்யுங்கள். வெளியாட்களிடமிருந்து இது காப்பாற்றும். அந்தப் பாஸ்வேர்டு தெரிந்த பயனாளரே துருவ நினைத்தால் தடுக்க வழியில்லை. சம்பள விவரம், நோயாளிகள் விவரம் போன்ற ரகசியங்களை இப்படிக் கையில் கொடுக்கும் பைலில் வைக்கவே கூடாது என்பது என் கருத்து. அதற்கு எஸ்கியூஎல் சர்வர் போன்றவை வேண்டும். அதில் எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பு உண்டு.

பாஸ்வேர்டை மறந்தால் மைக்ரோசாப்டும் உதவாது. எழுதி பீரோவில் வையுங்கள்.

பழைய புத்தகங்களில் யூசர் லெவல் செக்யூரிட்டி என்று ஒரு அத்தியாயமே இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி பெயர், தனித்தனி அனுமதி என்று நன்றாகத்தான் இருந்தது. அக்சஸ் 2007ல் வந்த ஏசிசிடிபி வகைப் பைல்களில் அது எடுக்கப்பட்டுவிட்டது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்களிடம் அதற்கு முந்தைய எம்டிபி பைல் இருந்தால் அதன் பாஸ்வேர்டை நம்ப வேண்டாம். அதைச் சில நொடிகளில் கண்டுபிடித்துச் சொல்லும் புரோகிராம்கள் உள்ளன. சேவ் ஆஸ் மூலம் ஏசிசிடிபியாக மாற்றிய பின் பூட்டுங்கள்.

பழைய விவரங்கள் ஒட்டிக்கொண்டு போகும்

எங்கள் டேட்டாபேஸைப் பார்த்து அடுத்த தெரு சங்கத்தாரும் கேட்டார்கள். 68 வீட்டு விவரங்களையும் காப்பியில் டெலீட் செய்துவிட்டு பென் டிரைவில் கொடுக்கப் போனேன். தற்செயலாகப் பைலின் அளவைப் பார்த்தேன். ஒன்றுமே குறையவில்லை! அக்சஸில் ஒரு வரியை டெலீட் செய்தால் அந்த இடம் காலி என்று குறித்து வைக்கப்படுகிறதே தவிர, எழுத்துகள் பைலுக்குள்ளேயே கிடக்கலாம். டேட்டாபேஸ் டூல்ஸ் டேபில் காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் டேட்டாபேஸ் என்பதைக் கிளிக் செய்தால்தான் பைல் புதிதாக எழுதப்பட்டு அவை வெளியேறும். பிரித்த பிறகு இதை பேக் எண்டில் செய்ய வேண்டும். இல்லையென்றால் எங்கள் தெரு மொத்தத்தின் போன் நம்பரும் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

நெட் வழியாக அனுப்பினால் அவர்கள் கம்ப்யூட்டரில் மேக்ரோக்கள் தடுக்கப்படலாம். 2022ல் மைக்ரோசாப்ட் கொண்டு வந்த மாற்றம் இது. பைலில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் அன்பிளாக் என்பதில் டிக் செய்தால் சரியாகும். தெரிந்தவர் கொடுத்த பைலுக்கு மட்டுமே இதைச் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். பேக் எண்ட் உள்ள போல்டரில் பயனாளர்களுக்கு எழுதும் அனுமதி இருந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் அவர்களால் கணக்கை எழுத முடியாது. எழுத முடிகிறவரால் பைலையே டெலீட் செய்யவும் முடியும். எந்தப் பூட்டும் இதற்கு மருந்தாகாது. வாரம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி எடுக்கப் பழக்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு பொருளாளருக்காக ஒன்று சேர்த்தேன். அக்சஸ் 2010 முதல் டேட்டா மேக்ரோ என்ற வசதி உண்டு. பேக் எண்டில் சந்தா டேபிளை டிசைன் வியூவில் திறந்து, கிரியேட் டேட்டா மேக்ரோஸ் பட்டனில் ஆப்டர் அப்டேட் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தொகை மாறினால் வீட்டு எண், பழைய தொகை, புதிய தொகை, தேதி, நேரம் இவற்றை இன்னொரு டேபிளில் ஒரு வரியாக எழுதும்படி அமைத்தேன். பார்ம் வழியாக மாற்றினாலும், டேபிளையே திறந்து மாற்றினாலும் இது எழுதிவிடும். ஆப்டர் டெலீட் என்பதிலும் அப்படியே. யார் மாற்றினார்கள் என்று சொல்லாது. எப்போது, எதிலிருந்து எதுவாக மாறியது என்று சொல்லும்.

அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுக்க ஒரு பட்டனும் வைத்தேன். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குப் பொருளாளர் ரசீது புத்தகத்தோடு அந்தப் பிரிண்டையும் மடித்து எடுத்து வந்திருந்தார். அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 250 என்பது 2500 ஆகத் திருத்தப்பட்ட வரி. அதன் பக்கத்தில் பேனாவால் தன் கையெழுத்தைப் போட்டிருந்தார்.