சிறையிலிருந்து மீள்வோரும் திருச்சபையின் பொறுப்பும்

நம் சபைகளுக்குச் சிறை ஊழியம் புதியதன்று. கிறிஸ்து பிறப்புப் பண்டிகை நெருங்கும்போது பாடகர் குழுவினரும் வாலிபர் சங்கத்தாரும் முறைப்படி அனுமதி பெற்றுச் சிறைச்சாலைக்குச் செல்வர். பாடல், அருளுரை, ஜெபம், இனிப்பு வழங்குதல் ஆகியவற்றோடு அந்நாள் நிறைவுறும். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் விவரிக்கப்படும் நியாயத்தீர்ப்பில், காவலில் இருப்போரைக் காணச் செல்லுதலை ஆண்டவர் தமக்கே செய்யப்பட்டதாக ஏற்கிறார் என்பதை அறிந்தே நாம் இதனைச் செய்கிறோம். இது நற்செயலே. ஆயினும், நாம் சென்று கண்ட மனிதர் தண்டனைக் காலம் முடிந்து வெளியே வரும் நாளில் அவரை எதிர்கொண்டு நிற்பவர் யார்? அன்றிரவு அவர் எங்கே தங்குவார்? மறுநாள் எந்த வேலைக்குச் செல்வார்? இவ்வினாக்கள் நம் சபைக் கமிட்டிகளில் எழுவது அரிது.

மீள்வோருக்கு உணவும் உடையும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றினும் இன்றியமையாதவை இரண்டு உள. ஒன்று, அவருக்காகத் தம் பெயரைப் பொறுப்பாக வைக்கும் ஒருவர். மற்றொன்று, தம் உழைப்பால் வாழ்வதற்கு ஒரு தொழில். இவ்விரண்டையும் அளிப்பதே சமுதாய ஆதரவின் உயிர்நிலை என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

கோவைச் சிறை கண்ட ஒருவர்

கோவை மத்திய சிறை 1872ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அச்சிறையின் பெயரைக் கேட்டவுடன் தமிழர் நினைவில் எழுபவர் வ.உ.சிதம்பரனார். 1908இல் அரச நிந்தனை வழக்கில் தண்டிக்கப்பட்ட அவர், அவ்வாண்டு முதல் 1910 வரை அங்கு அடைபட்டிருந்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். மாடு இழுக்கவேண்டிய செக்கை அவர் வெயிலில் இழுத்ததை நம் பிள்ளைகளும் பாடநூலில் படிக்கின்றனர். அச்செக்கு இன்று நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது.

ஆனால் 1912 டிசம்பரில் அவர் விடுதலையான பின் நடந்ததை அறிந்தோர் குறைவு. தண்டனை பெற்றமையால் வழக்கறிஞர் தொழிலுக்குரிய சன்னத்தை அவர் இழந்திருந்தார். சொந்த மாவட்டத்தை விட்டுச் சென்னையில் குடியேறி, மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் நடத்திப் பார்த்தார், வறுமை நீங்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டிய நிதி குறித்து 1915, 1916ஆம் ஆண்டுகளில் அவருக்கும் காந்தியடிகளுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நடந்தது. பிற்காலத்தில் அவர் கோவைக்கு வந்து ஒரு வங்கியில் மேலாளராகப் பணியாற்றினார். தம்மைச் செக்கில் பூட்டிய நகரத்திலேயே அவர் சம்பளத்திற்கு அமரவேண்டியதாயிற்று. அவ்வருவாயும் போதவில்லை.

இறுதியில் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் தயவால் அவருக்குச் சன்னத்து திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியில் அவர் மீண்டும் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். நன்றியின் அடையாளமாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர் தம் குழந்தைக்கு ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைச் சூட்டினார் என்றால், தொழில் திரும்பக் கிடைத்ததன் பெருமதிப்பை அதனினும் தெளிவாக உணர்த்துவது வேறு யாது? நன்கொடைகள் அவர் குடும்பத்தின் பசியைச் சில நாள் ஆற்றியிருக்கலாம். சன்னத்தோ அவரைத் தம் காலில் நிற்கச் செய்தது.

வ.உ.சி. நாட்டுக்காகச் சிறை சென்றவர். கல்வியும் புகழும் உடையவர். அவருக்கே இந்நிலை எனின், திருட்டுக்காகவோ அடிதடிக்காகவோ உள்ளே சென்று வரும் ஏழைக் கூலித்தொழிலாளியின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மீள்வோர் எதிர்கொள்ளும் தடைகள்

முதலாவது, சிறைவாசிகள் அனைவரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டோர் அல்லர். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தோரில் 100க்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகளே. பிணை கொடுக்க ஆளின்றி உள்ளே இருந்து, பின்னர் நிரபராதி என விடுவிக்கப்படுவோரும் உண்டு. ஆயினும் ஊரார் வாயில் இருவருக்கும் பெயர் ஒன்றே: ‘ஜெயிலுக்குப் போனவன்’.

இரண்டாவது, சட்டத்தின் துணை குறைவு. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டமொன்று, குறித்த காலம் குற்றமின்றி வாழ்ந்தவரின் பழைய தண்டனையைப் பெரும்பாலான வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது சொல்லவேண்டியதில்லை என்று விதித்தது. கடுங்குற்றங்களுக்கு அது பொருந்தாது. நம் நாட்டில் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்கீழ்ச் சிறைக்கு அனுப்பப்படாமல் விடப்படுவோருக்கும், இளஞ்சிறார்க்கும் இதையொத்த பாதுகாப்பு உண்டு. தண்டனையை அனுபவித்து முடித்து வெளிவரும் முதிர்ந்தோருக்கு அத்தகைய பொதுச் சட்டம் இல்லை.

மூன்றாவது, அன்றாட வாழ்வின் தடைகள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவை தொலைந்தோ பயனற்றோ போயிருக்கும். நெல்சன் மண்டேலாவின் பெயரால் ஐக்கிய நாடுகள் அவை 2015இல் ஏற்றுக்கொண்ட சிறை விதிகள், விடுதலையாவோருக்கு அடையாள ஆவணம், உறைவிடம், வேலை, தட்பவெப்பத்திற்கேற்ற உடை, ஊர் சென்று சேர வழிச்செலவு ஆகியவை கிடைக்கச் செய்யவேண்டும் என்கின்றன. தமிழகத்தில் நன்னடத்தை அலுவலர்கள் உளர். விடுதலை பெற்ற சிறைவாசிகளுக்கான உதவிச் சங்கமும் உண்டு. ஆனால் அரசு அலுவலர் ஒருவர் அண்டை வீட்டாராக இயலாது.

கொங்கு நாட்டில் இதன் கூர்மை அதிகம். கோவைச் சிறையில் நெசவு நடைபெறுகிறது. சிறைக்கு வெளியே சோமனூர், பல்லடம் பகுதிகளில் விசைத்தறிகளும், திருப்பூரில் பின்னலாடைக் கூடங்களும், கோவையில் வார்ப்படப் பட்டறைகளும் ஆள் தேடுகின்றன. எனினும் இங்குள்ள சிறு பட்டறைகளில் வேலை பெரும்பாலும் அறிமுகத்தினால் கிடைப்பது. “எந்த ஊரு? யாரு சொல்லி வந்தே?” என்பதே முதலாளி கேட்கும் முதற்கேள்வி. கை தொழிலை அறிந்திருந்தும், அக்கேள்விக்கு விடை கூற இயலாதவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

பர்னபாவின் முன்மாதிரி

இவ்விடத்தில் அப்போஸ்தலர் நடபடிகளின் 9ஆம், 11ஆம் அதிகாரங்கள் நமக்கு ஒளி தருகின்றன. சபையைத் துன்புறுத்திய சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீஷர் அவரை நம்பவில்லை, அஞ்சினர். அவ்வச்சத்தை வேதம் பழிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அப்போது பர்னபா அவரை அழைத்துச் சென்று அப்போஸ்தலர்முன் நிறுத்தி, அவருக்காகப் பேசினார். தம் நற்பெயரையே பிணையாக வைத்தார் எனலாம். கதை அத்துடன் முடியவில்லை. பின்னர்ப் பர்னபா தர்சு பட்டணம் வரை தேடிச் சென்று, சவுலை அந்தியோகியாவிற்கு அழைத்து வந்து, ஓராண்டுக் காலம் தம்மோடு இணைந்து பணியாற்றச் செய்தார். முதலில் பெயர், அடுத்துப் பணி. நாம் மேலே கூறிய இரண்டும் இங்கே ஒருவர் செயலிலேயே அமைந்துள்ளன.

திருச்சபை வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரின் ஆயர் தியோடர் பிளீட்னர், சிறைவாசிகளின் நலனுக்கென 1826இல் ஒரு சங்கம் தோன்றக் காரணமாயிருந்தார். 1833இல் சிறையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குத் தம் ஆயர் மனைத் தோட்டத்திலிருந்த சிறு குடிலைத் தங்குமிடமாக அளித்தார். 1836இல் அவ்வூரில் அவர் நிறுவிய தீக்கனச் சகோதரிகள் இல்லம், நோயாளர் பணியில் உலகிற்கு வழிகாட்டியது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே பயிற்சி பெற்றார். இத்தனை பெரிய ஊழியத்தின் தொடக்கத்தில் நாம் காண்பது ஒரு தோட்டக் குடிலையும், அதில் இடம் பெற்ற ஒரு பெண்ணையுமே.

பாதிக்கப்பட்டோரை மறத்தலாகாது

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவரும் நம் அயலாரே. சில வேளைகளில் அதே சபையின் அங்கத்தினர். அவருக்குப் பதிலாக நாம் மன்னிப்பை அறிவிக்க இயலாது. மன்னிக்கும்படி அவரை நெருக்குதலும் தகாது. உச்ச நீதிமன்றம் 1998இல் சிறைவாசிகளின் உழைப்புக்கு நியாயமான கூலி வழங்கவேண்டும் என்று கூறியபோது, அதில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டோரின் இழப்பீட்டிற்குச் செல்லவேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. இரு திறத்தாரையும் ஒருங்கே நினைக்கும் அந்நெறி நமக்கும் ஏற்றது. அன்றியும், சிறார்க்கோ பெண்களுக்கோ தீங்கிழைத்தவரை வரவேற்கும்போது, ஞாயிறு பள்ளி போன்ற பொறுப்புகளிலிருந்து அவரை விலக்கிவைப்பது அன்பின்மை ஆகாது. அது எல்லாருக்கும் பாதுகாப்பாகும்.

சபைகள் செய்யக்கூடியவை

1. விடுதலைக்குப் பல மாதங்கள் முன்னரே, சிறை நல அலுவலர் வழியாக ஒருவரை அறிந்து, அவருடன் தொடர்பு கொள்ளுதல். ஆண்டுக்கு நூறு பேருக்கு இனிப்பு வழங்குவதோடு ஒருவரையேனும் இறுதிவரை உடன்செல்லத் தெரிந்துகொள்ளலாம்.

2. அவருக்கென மூவரோ நால்வரோ கொண்ட சிறு குழுவை அமைத்தல். ஒருவர் மட்டும் சுமந்தால் விரைவில் சோர்வார். எல்லாரும் என்றால் ஒருவரும் இரார்.

3. சபையிலுள்ள பட்டறை உரிமையாளர், ஆலை மேற்பார்வையாளர், கடைக்காரர் ஆகியோரிடம் உண்மையை மறைக்காமல் பேசி வேலை தேடித் தருதல். ‘யார் சொல்லி வந்தாய்?’ என்னும் கேள்விக்கு ஆயரின் பெயரோ மூப்பரின் பெயரோ விடையாகட்டும்.

4. வழக்கு நிலுவையில் உள்ளோரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிற்கு அழைத்துச் செல்லுதல். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி காவலில் உள்ளோர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். ஆவணங்களைப் புதுப்பிக்க உடன்சென்று வரிசையில் நிற்பதும் ஊழியமே.

5. தண்டனைக் காலத்திலேயே மனைவி மக்களைப் பேணுதல். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் செலுத்தப்பட்டிருந்தால், தந்தை திரும்பிவர ஒரு வீடு எஞ்சியிருக்கும்.

இவ்வுதவிகளை ஞானஸ்நானத்திற்கோ ஆராதனை வருகைக்கோ விலையாக்குதல் கூடாது. மீள்வோர் எம்மதத்தினராயினும் அயலாரே.

இம்முயற்சியில் ஏமாற்றங்களும் நேரும். சிலர் மீண்டும் பழைய வழிக்குத் திரும்பக்கூடும். பொறுப்பேற்றவரின் பெயருக்கும் இழுக்கு உண்டாகலாம். பெயரைப் பிணையாக வைத்தல் என்பதன் பொருளே அதுவன்றோ? நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு ஓர் இறுதி நாள் உண்டு. ஊர் விதிக்கும் தண்டனைக்கும் அத்தகைய நாளைக் குறிக்க வல்லவர்கள் அவ்வூரில் வாழ்வோரே. அவர்களுள் நம் சபையாரும் அடங்குவர். அடுத்த சபைக் கமிட்டிக் கூட்டத்தில் ஆயர் ஒருவர் இதனை ஒரு பொருளாக வைத்து, “நாம் யாருக்குப் பொறுப்பேற்கப் போகிறோம்?” என்று கேட்பாராயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.