கருவுற்ற தாயின் இரத்தம் கூறும் செய்தி

அகத்தியர்கூடத்தின் அடிவாரத்திலுள்ள போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள் என் தங்கை. முதற் பிள்ளையைச் சுமந்த காலத்தில், வெறும் வயிற்றோடு வந்து இரத்தம் கொடுக்குமாறு அவளுக்குச் சொல்லப்பட்டது. விடியுமுன் பஸ் ஏறியவள், மலைப்பாதையின் வளைவுகளில் குமட்டி மயங்கி, இரத்தம் கொடாமலே வீடு திரும்பினாள். பின்னர் எவரும் அதனை நினைவூட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிள்ளை நான்கேகால் கிலோ எடையோடு பிறந்தது. நாங்கள் பூரித்து முடிவதற்குள் அதன் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட, மூன்று நாட்கள் தனியே வைத்துக் காக்க நேர்ந்தது.

இதற்குக் காரணம் யாது? தாயின் மிகைச் சர்க்கரை நஞ்சின் வழியே சிசுவைச் சேர்கிறது. சிசு தன் இன்சுலினைப் பெருக்கி அதனைக் கொழுப்பாக்கிக்கொள்கிறது. கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். பெருகிய இன்சுலினோ உடனே அடங்குவதில்லை.

வெறும் வயிறு வேண்டாத சோதனை ஒன்று உண்டு என்பதைப் பிறகே அறிந்தேன். சென்னை டாக்டர் வீ. சேஷய்யா அவர்கள் நம் நாட்டுப் பெண்களுக்கு ஏற்றதென நிலைநாட்டிய முறை அது. உண்டிருந்தாலும் உண்ணாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி நீரில் கரைத்து, ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் பருக வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், கர்ப்பகால நீரிழிவு என்பர். அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். 2014-ஆம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறையும் இம்முறையையே ஏற்றது. முதல் வருகையில் ஒருமுறை. அப்போது குறையில்லையெனின் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறை.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. சோதனை போதாதா எனச் சிலர் வினவலாம். கர்ப்ப காலத்தில் சிவப்பணுக்கள் விரைவாகப் புதுப்பிக்கப்படுவதால் அந்த எண் தாழ்ந்து காட்டும். இரும்புச் சத்துக் குறைந்த சோகையில் உயர்ந்தும் காட்டலாம். ஆகவே அதனை மட்டும் நம்பலாகாது. சர்க்கரை ஏறிய ஆல்புமின் என்னும் புரதம் இரண்டு மூன்று வார நிலையைக் கூறவல்லது. எனினும் அது இன்னும் வழக்கமான சோதனையாகவில்லை.

இரண்டாம் முறை கருவுற்றபோது, தங்கை கஞ்சி குடித்துவிட்டே சென்றாள். அளவு 152. வைத்தியர் சோற்றை விலக்கச் சொல்லவில்லை. சிறுகச் சிறுகப் பலவேளையாக உண்ணவும், பயறும் கீரையும் கூட்டவும் பணித்தார். இரண்டு வாரத்தில், உணவுக்குப் பின் இரண்டு மணி நேரத்து அளவு 120-க்குக் கீழ் இறங்கிற்று. இறங்காதோருக்கு மருந்தோ இன்சுலினோ வேண்டியிருக்கும். அதற்கு அஞ்சுதல் தகாது. பிறந்த பெண் மகவு மூன்று கிலோ. தாயின் பக்கத்திலேயே கிடந்தது.

சகோதரிகளே, பிரசவத்தோடு காரியம் முடிந்ததென எண்ணற்க. ஆறு வாரம் கழித்து மீண்டும் சோதித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் நீரிழிவு இவர்களையே எளிதில் பற்றும். வீட்டு ஆடவர்களே, அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பது நம் கடமை. அன்று நாங்கள் அதைச் செய்யத் தவறினோம்.