ஆடும் தொலைநோக்கி, ஆடாத படம்

நம் ஊரான பெர்மாஸ் ஜெயாவின் வானத்தை ஓர் இந்தியத் தொலைநோக்கி ஒரு நாளில் 13, 14 முறை கடந்து போகிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் அது. சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. நம் ஊரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகையில் இருக்கிறது. அதனால் எந்தச் சுற்றிலும் அது நம் அடிவானத்துக்கு மேலே எழாமல் போவதில்லை.

அதிலுள்ள புறஊதாத் தொலைநோக்கி ஏறக்குறைய ஒன்றரை வில்நொடி வரை நுணுக்கம் காட்டும். ஒரு பாகையை 3,600 கூறுபோட்டால் ஒரு கூறுதான் வில்நொடி. இரண்டரைக் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் பிடித்திருக்கும் 10 சென் காசின் அகலம்தான் அந்த ஒன்றரை வில்நொடி.

கால் ஊன்ற இடமில்லாத வெளியில் அவ்வளவு துல்லியமாகக் குறி வைப்பது எப்படி? நீரிணையில் மிதக்கும் சிறு சம்பானில் நின்று உடம்பைச் சட்டென்று வலப்பக்கம் திருப்புங்கள். சம்பான் இடப்பக்கம் திரும்பும். செயற்கைக்கோளுக்குள் அந்த வேலையைச் சுழலும் சக்கரங்கள் செய்கின்றன. சக்கரத்தின் வேகம் ஒரு பக்கம் கூடினால், கலம் எதிர்ப்பக்கம் திரும்பும். எவ்வளவு திரும்பியது என்பதை ஜைரோஸ்கோப்புகளும் விண்மீன்களை அடையாளம் காணும் கேமராக்களும் சொல்லும்.

அப்படியும் சிறு நகர்வு மிஞ்சத்தான் செய்யும். அதற்கு இந்தக் கருவியில் நேர்த்தியான வழி உண்டு. புறஊதா ஒளித்துகள்களை விநாடிக்குச் சுமார் 29 சட்டங்களாகப் பதிவு செய்யும்போதே, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பிரகாசமான விண்மீன்களை இன்னொரு கேமரா தொடர்ந்து படமெடுக்கும். அந்த விண்மீன்கள் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தன என்று தரையில் கணக்கிட்டு, ஒவ்வொரு ஒளித்துகளையும் அதனதன் இடத்துக்குத் திருப்பி வைக்கிறார்கள். கலம் ஆடியிருந்தாலும் படம் கூர்மையாகிவிடும்.

அதன் பயனை 2020இல் உலகம் கண்டது. 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் உயர் ஆற்றல் புறஊதா ஒளியைப் புணேயைச் சேர்ந்த வானியலாளர் கனக் சாஹாவின் குழுவினர் அறிவித்தார்கள். 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கு மேல் திரட்டிய பதிவு அது. அவ்வளவு நேரமும் சொட்டுச் சொட்டாக வந்த ஒளித்துகள்கள் நகர்வோடு சிதறியிருந்தால் இருளில் கரைந்திருக்கும். ஆட்டத்தை விநாடிக்கு விநாடி அளந்து வைத்ததால்தான் அவை ஒரே புள்ளியில் குவிந்தன.